இருமல் மருந்தால் சளி பிடிக்குமா?

ஆங்கிலம்–போர்த்துகீசிய மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. போன மாதம் ஒரு இருமல் சிரப்போடு மடித்து வைக்கிற தாள் சரிபார்க்க வந்தது. போர்ச்சுகலில் விற்கப்போகும் மருந்து. பக்கவிளைவுகளில் 'கொன்ஷ்டிபசாவ்' என்று இருந்தது. ஆங்கில மூலத்தில் கான்ஸ்டிபேஷன், அதாவது மலச்சிக்கல். சிரப்பில் இருமலை அடக்கும் கோடீன் என்ற மருந்து இருந்ததால் அது எதிர்பார்த்த விளைவுதான். அதே சொல்தானே என்று யாரோ போட்டுவிட்டார்கள். ஆனால் லிஸ்பனில் கொன்ஷ்டிபசாவ் என்றால் ஜலதோஷம்!

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நாலு நாளாக வயிறு போகாமல் தவிக்கிறவர் அந்தத் தாளைப் படித்தால் மருந்தின் மேல் சந்தேகமே வராதே. 'ஒப்ஷ்டிபசாவ்' என்று திருத்தினேன். மலச்சிக்கலுக்குப் பேச்சு வழக்கில் வேறு பெயர் உண்டு: 'ப்ரிசாவ் த வென்த்ர', வயிற்றுச் சிறை. அனுபவித்தவர் வைத்த பெயராகத்தான் இருக்கும்.

பிரேசிலில் கதை வேறு. அங்கே டாக்டர்கள் மலச்சிக்கலைத்தான் 'கொன்ஸ்டிபசாவ் இன்டெஸ்டினல்' என்று எழுதுகிறார்கள். சளிக்கு 'ஹெஸ்ஃப்ரியாடு'. அதனால் 'போர்த்துகீசியத்தில் வேண்டும்' என்று யாராவது வேலை கொடுத்தால், எந்த நாட்டுக்கு என்று கேட்காமல் நான் தொடங்குவதில்லை.

ஆங்கிலத்தில் குளிருக்கும் கோல்ட், சளிக்கும் கோல்ட், ஒட்டாமல் பழகுகிறவருக்கும் கோல்ட். போர்த்துகீசியத்தில் குளிர் 'ஃப்ரியு'. 'ஐ ஆம் கோல்ட்' என்பதை அப்படியே மாற்றி 'சோ ஃப்ரியு' என்றால், 'நான் நெஞ்சில் ஈரமில்லாத ஆள்' என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. குளிரடித்தால் 'தெஞ்ஞு ஃப்ரியு' என்று சொல்ல வேண்டும். என்னிடம் குளிர் இருக்கிறது என்று அர்த்தம். 'எனக்குக் குளிருது' என்கிற நமக்கு இது சுலபமாகவே பிடிபடும். நாமும் குளிரையும் சளியையும் ஒரே சொல்லில் அடைப்பதில்லை. தமிழில் யோசித்துப் போர்த்துகீசியத்துக்குப் போங்கள் என்று புதிதாகக் கற்பவர்களிடம் சொல்வேன். நடுவில் ஆங்கிலத்தில் இறங்கி ஏறினால்தான் சிக்கல்.

தண்ணீருக்கு இன்னொரு கணக்கு. போர்ச்சுகல் ஓட்டல்களில் 'ஃப்ரெஷ்காவா, நதுராலா?' என்று கேட்பார்கள். ஃப்ரெஷ்கா என்றால் ஃபிரிட்ஜிலிருந்து வரும். தொண்டை கட்டியிருந்தால் நதுரால் கேளுங்கள், சில்லென்று இருக்காது.