ஹேஷை ஏத்தினா செஸ் இன்ஜின் பறக்கும்னு யாரு சொன்னா?

களியக்காவிளையில சிஸ்டம் சர்வீஸ் பண்றேன், கேரளா பார்டர்ங்கறதால பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கமிருந்தும் லேப்டாப் வரும். பிள்ளைங்க செஸ் கிளாஸ் போறது கூடினதுல இருந்து, மூவ் கணக்கு போட்டுக் காட்டுற ஸ்டாக்ஃபிஷ்ங்கற செஸ் இன்ஜின் பத்தி ஒரு கம்ப்ளெயின்ட் அடிக்கடி கேக்கேன்: "சாரே, ஸ்டாக்ஃபிஷ் போட்டா சிஸ்டம் அப்படியே நிக்குது, ரேம் ஏத்தித் தரணும்." தொறந்து பாத்தா ரேமே 8 ஜிபி, அதுல இன்ஜினுக்கு ஒதுக்குற ஹேஷ்ங்கற மெமரி மட்டும் 6144 எம்பினு வச்சிருப்பாங்க. ஹேஷ் கூடக்கூட இன்ஜினுக்கு பலம்னு எவனோ வீடியோவுல சொன்னானாம்.

பாதி சரிதான். ஒரே பொசிஷனுக்கு வேற வேற மூவ் ஆர்டர்ல வந்து சேரலாம் இல்லியா, குயின் முன்னால உள்ள சிப்பாயை முதல்ல தள்ளினாலும் அதுக்கு பக்கத்துல சி வரிசை சிப்பாயை முதல்ல தள்ளினாலும் கடைசியில போர்டு ஒண்ணுதான், அதை இன்ஜின் திரும்பவும் முதல்ல இருந்து கணக்கு போடாம இருக்க ஏற்கனவே பாத்ததை எழுதி வைக்கிற இடம்தான் ஹேஷ் டேபிள். ஒவ்வொரு பொசிஷனுக்கும் ஒரு நம்பர் உண்டாக்குற வழியை ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970லயே எழுதிட்டார், இன்னிக்கும் அதுதான் ஓடுது. ஸ்டாக்ஃபிஷ்ல ஒரு என்ட்ரி 10 பைட், மூணு என்ட்ரியை 32 பைட்ல கட்டி வைப்பாங்க. டீஃபால்ட் 16 எம்பில ஏறக்குறைய 15.7 லட்சம் என்ட்ரி கொள்ளும், 1 ஜிபில 10 கோடி. நாலு கோர் ஓடினா 16 எம்பி சில செகண்ட்லயே நிறைஞ்சு பழசை அழிச்சு எழுத ஆரம்பிச்சிரும், அதனால ராத்திரி முழுக்க ஒரே பொசிஷனை ஓடவிடுறவனுக்கு பெரிய ஹேஷ் வேணும்தான், ஆனா மூவுக்கு பத்து செகண்ட் பாக்கற பிள்ளைக்கு 6 ஜிபி எதுக்கு?

இனி வேகம். பிராசஸருக்குள்ளயே கேஷ்னு சின்ன மெமரி உண்டு, அதுல எல்1 கேஷ்ல இருந்து எடுக்க ஒரு நானோசெகண்ட் பக்கம், ரேமுக்கு போனா 80, 100 கூட ஆகும், ஸ்க்ரூடிரைவர் கையில இருக்கறதுக்கும் மார்த்தாண்டம் போயி வாங்கிட்டு வாறதுக்கும் உள்ள வித்தியாசம். ஹேஷ்ல தேடுறது எங்கயாவது மூலையில விழும், கேஷ்ல கிடைக்கறது அபூர்வம். அதனால இன்ஜின் வேண்டியதை முன்கூட்டியே கேஷுக்கு கொண்டு வரச் சொல்லி ப்ரீஃபெட்ச் போட்டு வைக்கும். 2020ல ஸ்டாக்ஃபிஷ் 12ல என்என்யூஇனு பொசிஷனை மதிப்பிடுற நியூரல் நெட் வந்ததுல இருந்து அந்த நெட்டோட வெயிட்டும் (அதுக்குள்ள உள்ள நம்பருங்க) அதே கேஷுக்கு அடிபிடி பண்ணுது, சின்ன எல்3 கேஷ் உள்ள லேப்டாப்ல எல்லா த்ரெட்டையும் போட்டா கோர் கூடின அளவுக்கு வேகம் கூடாது.

சிஸ்டம் நிக்கிறது இதாலயும் இல்ல. டாஸ்க் மேனேஜர் தொறந்து வச்சிட்டு அனலைஸ் போடச் சொல்லிப் பாத்தா தெரியும், மெமரி 97, 98க்கு ஏறும், டிஸ்க் 100ல நட்டுக்கிட்டு நிக்கும், இன்ஜின் ஜன்னல்ல செகண்டுக்கு இத்தன லட்சம் நோடுனு காட்டினது அப்படியே சரிஞ்சு இறங்கும். விண்டோஸ், குரோம், ஆன்போர்டு கிராபிக்ஸ் எல்லாம் பங்கு எடுத்தது போக ரேம் பத்தாம ஹேஷ் டிஸ்க்குக்கு போயிருச்சு, பழைய ஹார்ட் டிஸ்க்னா கேக்கவே வேண்டாம். அதே மெஷின்ல ஹேஷை 1024க்கு இறக்கினா போதும், பைசா செலவில்லாம ஓடும். ரெண்டு இன்ஜின் ஒண்ணா தொறந்தா ரெண்டுக்கும் தனித்தனி ஹேஷ்ங்கறதையும் சேத்துக்கிடுங்க, இதை மறந்துட்டு வாறவங்கதான் நிறைய.

பெரிய ஹேஷ் வேணும்னே இருந்தா லார்ஜ் பேஜ், அதாவது மெமரியை பெரிய பெரிய துண்டா பிரிச்சுக் குடுக்கற வசதி, அதை ஆன் பண்ணுங்க. 1 ஜிபியை 4 கேபி பேஜா வெட்டினா 2,62,144 பேஜ், 2 எம்பியா வெட்டினா 512 தான், அட்ரஸ் தேடுற வேலை குறையும். விண்டோஸ்ல லாக் பேஜஸ் இன் மெமரினு ஒரு பர்மிஷன் குடுக்கணும், ஹோம் எடிஷன்ல அந்த செட்டிங் ஜன்னலே வராது.

மிச்சமுள்ள பைசாவுக்கு ஒரு எஸ்எஸ்டி போடுங்க. போர்டுல கொஞ்சம் காய் மட்டும் மிஞ்சினா முடிவு என்னனு முன்னாலேயே கணக்கு போட்டு வச்ச ஃபைல்தான் சிஸிஜி டேபிள்பேஸ், அதை இன்ஜின் டிஸ்க்ல இருந்துதான் படிக்கும்; ராஜாவையும் சேத்து 5 காய் வரைக்கும் 1 ஜிபிக்குள்ள அடங்கும், 6 காய்க்கு 150 ஜிபி பக்கம் வேணும், 7 காய் டெராபைட் கணக்கு, அதுக்கு ஆசைப்படாதீங்க.