ஸே: ஆல்ப்ஸ் மலையின் நீருக்கு ஏரி என்பதா, பொய்கை என்பதா?

ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் ஊரைப் பற்றி எழுதும்போது அதன் கரையில் உள்ள நீர்நிலையை 'ஹால்ஷ்டெட்டர் சீ ஏரி' என்று எழுதிவிடுகிறோம். இதில் இரண்டு பிழைகள். ஜெர்மன் சொல்லின் ஒலி 'ஸே'. 'சீ' என்பது ஆங்கில வாசிப்பு. அடுத்தது, ஸே என்றாலே ஏரிதான். அதன் பின்னால் இன்னோர் ஏரியைச் சேர்ப்பது 'நடு சென்டர்' என்பதைப் போன்றது.

இந்தச் சொல் பால் மாறினால் பொருளும் மாறும். ஆண்பாலில் 'டேர் ஸே' என்றால் ஏரி, பெண்பாலில் 'டீ ஸே' என்றால் கடல். வடகடலுக்கு நோர்ட்ஸே, பால்டிக் கடலுக்கு ஓஸ்ட்ஸே என்று பெயர், இரண்டும் பெண்பால். ஆல்ப்ஸ் மலையில் உள்ள அட்டர்ஸே, ட்ரவுன்ஸே, வோல்ஃப்காங்ஸே எல்லாம் ஆண்பால். கடலைக் குறிக்கும் ஆங்கிலச் 'சீ' இதே வேரில் பிறந்தது. பக்கத்து டச்சு மொழியில் கணக்குத் தலைகீழ்: அங்கே 'ஸே' கடல், 'மேர்' ஏரி. ஜெர்மனில் 'மேர்' என்றால் கடல்.

தமிழில் என்ன சொல்வது? ஏரி என்ற சொல்லை 'ஏர்' என்பதோடு இணைத்துப் பொருள் சொல்வதுண்டு. கரை போட்டு, மதகு வைத்து, மிஞ்சிய நீர் வழியக் கலங்கல் கட்டி, கீழே உள்ள வயல்களுக்குப் பாய்ச்ச மனிதர் ஆக்கியது அது. ஈழத்தில் இதே அமைப்பைக் குளம் என்பார்கள். ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளும் 19-ஆம் நூற்றாண்டில் ஓடைகளை மறித்து உண்டாக்கியவைதான். மலைமேல் இருப்பதால் அவை ஆல்ப்ஸ் ஏரிகளின் இனம் ஆகிவிடா.

ஹால்ஷ்டாட்டின் நீர்நிலை வேறு வகை. பனியுகத்தில் இறங்கி வந்த பனியாறு பள்ளத்தாக்கின் அடியைக் குடைந்து ஆழமாக்கியது; பனி உருகி விலகியதும் அந்தப் பள்ளத்தில் நீர் நின்றது. ட்ரவுன் ஆறு தெற்கே நுழைந்து வடக்கே வெளியேறுகிறது. நீர்மட்டம் கடலிலிருந்து 508 மீட்டர் உயரத்தில். ஆழம் 125 மீட்டர் வரை. இதற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் பொய்கை. 'மானிடர் ஆக்காத நீர்நிலை' என்பதே அகராதி அதற்குத் தரும் பொருள். பொய்கை என்றதும் தாமரை பூத்த சிறு நீர்நிலைதான் மனத்தில் வருகிறது, இவ்வளவு ஆழத்துக்கு அது தாங்குமா என்று கேட்கலாம். சொல்லின் பொருளில் அளவு இல்லை, தோற்றம்தான் இருக்கிறது; அதனால் தாங்கும். வாவி என்பதும் அழகிய சொல்தான். ஆனால் மட்டக்களப்பு வாவியைப் போல உப்புநீர் கலக்கும் கடற்கழிக்கு அது வழங்குவதால் இங்கே குழப்பும்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டளவில் நிற்பதன்று. ஹால்ஷ்டாட்டுக்கு மேற்கே கோஸாவ் பள்ளத்தாக்கில் ஒரு வசந்த நாளில் நடந்தால் மூன்று நீர்நிலைகள் வரும். முதலாவது ஃபோர்டரர் கோஸாவ்ஸே, அதாவது முன் கோஸாவ் ஏரி, 933 மீட்டர் உயரத்தில். இயற்கையில் தோன்றியதுதான் என்றாலும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்மின்சாரத்துக்காக அணை கட்டித் தேக்கிவிட்டார்கள். எனவே இதை ஏரி என்பது சரி. குளிர்காலம் முழுதும் நீர் எடுப்பதால் ஏப்ரலில் மட்டம் தாழ்ந்து, கரையோரம் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடக்கும். 2,995 மீட்டர் உயர டாக்ஷ்டைன் சிகரத்தின் பிம்பம் நீரில் முழுதாக விழும் படத்தை எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவது இதனால்தான். உருகுபனி இறங்கி ஏரி நிரம்பும்வரை பொறுக்க வேண்டும்.

அதைத் தாண்டி மேலே போனால் கோஸாவ்லாக்கே. 'லாக்கே' என்றால் குட்டை. பனி உருகும்போது நீர் பிடிக்கும், பிறகு வற்றிவிடும். நம் ஊர்க் குட்டையின் குணமேதான், சொல்லை அப்படியே போடலாம். கடைசியில் 1,154 மீட்டரில் ஹின்டரர் கோஸாவ்ஸே, பின் கோஸாவ். இது பொய்கை. முன் ஏரியிலிருந்து அங்கே போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். மே மாதத்திலும் நிழல் விழும் இடங்களில் பனி கிடக்கலாம்; வழுக்காத காலணி இல்லாமல் முன் ஏரியைத் தாண்ட வேண்டாம்.

ஹால்ஷ்டாட் ஊர் மேற்குக் கரையில், செங்குத்து மலையின் அடியில் கிழக்கு நோக்கி இருக்கிறது. வெயில் காலையில் ஊரின்மேல் விழும், பிற்பகலில் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறையும். படம் எடுக்கக் காலையே நல்லது. ரயில் நிலையம் எதிர்க்கரையில். ரயில் நேரத்தை ஒட்டிப் படகு விடுகிறார்கள், ஆனால் இரவு ரயிலுக்குப் படகு இல்லை. கடைசிப் படகின் நேரத்தைப் போகும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

படகிலிருந்து இறங்கினால் பலகைகளிலெல்லாம் இந்தச் சொல்தான். 'ஸேஷ்ட்ராஸே' என்றால் ஏரிக்கரைத் தெரு. 'ஸேஊஃபர்' கரை. விடுதிக்காரர் 'ஸேப்ளிக்' என்றால் சன்னலைத் திறந்தால் நீர் தெரியும் அறை. அந்தச் சொல் முன்பதிவுச் சீட்டில் இல்லையென்றால் சன்னல் மலைப்பாறையைப் பார்த்தும் இருக்கலாம்.