இணைய வகுப்பும் நேரடி வகுப்பும்: கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

இணைய வகுப்பு நல்லதா, நேரடி வகுப்பு நல்லதா என்று பெற்றோர் கேட்கும்போதெல்லாம், எந்தப் பாடத்துக்கு, எந்த மாணவருக்கு என்று திருப்பிக் கேட்பதே பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் நடத்தும் எனது வழக்கம்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபின் வேறு வழியின்றித் தொடங்கிய இணைய வகுப்பில் எதிர்பாராத நன்மையும் இருந்தது. தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்தவர்கள், "இன்னொரு முறை சொல்லுங்கள் சார்" என்று வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்பட்டவர்கள், ஆங்கிலத்தில் நடத்திய பாடத்தின் பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அக்காவும் தம்பியும் ஒரே கைபேசியில் படித்த வீடுகளில் டேட்டா மட்டும் என்ன செய்யும்?

அந்த ஆண்டு செப்டம்பரில் கல்லூரிகள் மீண்டும் திறந்தபோது, இழந்தது என்னவென்று ஆய்வகத்தில் தெரிந்தது. சிமுலேஷன் மென்பொருளில் மின்சுற்றைப் பிழையின்றி வரைந்தவர்கள், பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு பலகையில் அதையே அமைத்துவிட்டு, எல்.இ.டி. எரியாமல் கையைப் பிசைந்து நின்றார்கள். திரையில் கம்பி தளர்வதில்லை, யாரும் ஐ.சி. சில்லைத் தலைகீழாகச் செருகுவதுமில்லை; ஆகவே மின்னோட்டத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வோர் இணைப்பாகச் சோதிக்கும் பழக்கமே அவர்களிடம் இல்லை.

இப்போதைய கவலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைகளின்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியே படித்து, பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் கிரெடிட் பெறக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். அத்தளத்தில் ஐ.ஐ.டி.கள் முதலியவை வழங்கும் என்பிடெல் பாடங்களில் வாராந்திர அசைன்மென்ட்டுகளுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டுக்கான விடைகள் யூடியூபிலும் டெலிகிராம் குழுக்களிலும் வாராவாரம் வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்து நிரப்பி 25க்கு 24 வாங்கிய மாணவர், சான்றிதழுக்குத் தேவையான 30ஐக்கூடத் தேர்வில் எட்டாமல் திரும்புவதைப் பருவந்தோறும் பார்க்கிறேன். முகம் பார்த்தே புரியவில்லை என்று கண்டுகொள்ளும் ஆசிரியர் அங்கே இல்லாததால், தனக்குப் பாடம் வரவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது.

ஆகவே, தேர்வுக் கட்டணம் கட்டுவதற்குமுன், முடிந்துபோன ஓர் அசைன்மென்ட்டை எடுத்து, எதையும் பாராமல் தனியே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பாதிகூடத் தேறவில்லையென்றால், இடறிய கேள்விகளைக் குறித்துக்கொண்டு பாடத்தின் கலந்துரையாடல் பகுதியில் கேளுங்கள். அங்கும் தெளியாவிட்டால், அதே பாடத்தை நடத்தும் உங்கள் துறை ஆசிரியரை மாலையில் போய்ப் பாருங்கள்.