பத்து நிமிட இடைவேளையும் பன்னிரண்டு நிமிட ஓடும் வரியும்

பணியிடத் திரைகளில் அறிவிப்புகளை அமைத்துத் தருவது என் தொழில். ஓய்வறையில் ஒரு டிவியை மாட்டி, அதன் அடியில் அறிவிப்புகளை ஓடவிட்டால் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பும் நிர்வாகத்திடம் நான் முதலில் கேட்பது, அந்த அறையில் ஓர் ஊழியர் எத்தனை நிமிடம் உட்கார்ந்திருப்பார் என்பதைத்தான்.

1920 பிக்சல் அகலமுள்ள திரையில், தள்ளி அமர்ந்திருப்பவருக்கும் தெரியும்படி ஓர் எழுத்துக்கு 80 பிக்சல் ஒதுக்கினால், ஒரு நேரத்தில் 24 எழுத்துகளே திரையில் நிற்கும். வரியை நொடிக்கு 120 பிக்சல் வேகத்தில் ஓடவிட்டால், 90 எழுத்துள்ள ஓர் அறிவிப்பு முழுதும் திரைக்குள் வந்துசேரவே ஒரு நிமிடம் பிடிக்கும். இப்படிப் பன்னிரண்டு அறிவிப்புகளைக் கோத்தால் ஒரு சுற்றுக்கு 12 நிமிடம். இடைவேளையோ பத்து நிமிடம். வேகத்தை இரட்டிப்பாக்கலாம்தான், ஆனால் அப்போது எழுத்துகளின் விளிம்பு கலங்கித் தெரியும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், உண்டா இல்லையா என்பதே கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. நான் அமைத்த ஒரு திரையில், “சனிக்கிழமை இரவு ஷிப்ட் பராமரிப்புப் பணிக்காக ரத்து செய்யப்படும் என்று பரவிய தகவல் சரியானதல்ல” என்ற அறிவிப்பு ஓடியது. “ரத்து செய்யப்படும்” என்பது வரை படித்துவிட்டு எழுந்து போனவர்களில் சிலர் அன்றிரவு வேலைக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “சனி இரவு ஷிப்ட் உண்டு” என்று எழுதி அசையாமல் நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்.

எழுத்தை ஓடவிடுவது இடமில்லாத நிலைக்குக் கண்டுபிடித்த வழி. 1928-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு கட்டடத்தைச் சுற்றி மின்விளக்குகளால் செய்தியை ஓடவிட்டபோது, அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு விளக்குப் பட்டை. நம்மிடம் முழுத் திரையே இருக்கிறது. ஆகவே ஒரு ஸ்லைடுக்கு ஓர் அறிவிப்பு, அதற்குப் பதினைந்து நொடி, மொத்தம் ஆறுக்கு மேல் வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஒன்றரை நிமிடத்தில் சுற்று முடிவதால், பாதியில் நிமிர்ந்து பார்ப்பவரும் எதையும் இழப்பதில்லை.

வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) நெறிமுறைகள், மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தானாகவே ஓடத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் நகரும் எதையும் படிப்பவர் நிறுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்கின்றன. ஓய்வறையில் ரிமோட் யார் கையில் இருக்கிறது? மெதுவாகப் படிப்பவருக்கும் பார்வை குறைந்தவருக்கும் ஓடும் வரி மூடிய கதவுதான். அதே நெறிமுறைகள் சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் கேட்கின்றன. மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து அதன் அருகில்கூட வராது.

சில டிவிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுவதால், அடியில் ஓடும் வரி பாதி மறைந்துபோகும். படத்தைத் திரைக்குப் பொருத்தும் அமைப்பை மாற்றினால் இது பெரும்பாலும் சரியாகும். பழைய மீடியா பிளேயர்களில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றனவா என்றும் பாருங்கள். தாமதமாக வந்தவர்களின் பெயரையோ ஒருவரின் மருத்துவ விடுப்பையோ திரையில் போடவே கூடாது. விருந்தினரும் ஒப்பந்தப் பணியாளரும் அமரும் அறை அது. தீ, வாயுக் கசிவு போன்றவற்றுக்குத் திரையை மட்டும் நம்புவது ஆபத்து.

முடிவுத் தேதி குறிக்காத எந்த அறிவிப்பையும் நான் இப்போது ஏற்றுவதில்லை. ஏற்றிய பிறகு, திரையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.