கண்ணை மூடினால் தள்ளாடுவது ஏன்?

முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. சட்டென்று சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்னொருவர் செருப்பு கழன்றது தெரியாமலே நாலு எட்டு நடந்துவிடுகிறார். இந்த இரண்டையும் கேட்டதும் நரம்பியல் மருத்துவர் மனதில் ஓடும் காரணங்களில் ஒன்று, வைட்டமின் பி12 குறைவு.

நம் கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி, தண்டுவடத்தின் பின்பக்கத் தடம் வழியாக மூளைக்குப் போகிறது. அந்தத் தடம் பழுதானாலும் கண் திறந்திருக்கும்வரை பார்வை சமாளித்துக்கொள்ளும். மூடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க் இதைக் கவனித்து எழுதினார். காலைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். பி12 குறைந்துபோனால் தண்டுவடத்தில் பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது இந்தத் தடமே.

நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறைக்கு நடுநடுவே விடப்பட்ட சிறு இடைவெளிகளில் தாவித் தாவிப் போவதால்தான் செய்தி வேகமாகப் பாய்கிறது. இந்த உறையைப் பராமரிக்க மெத்தில் என்ற சின்ன வேதித் துண்டு ஓயாமல் தேவை. ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாக மாற்றும் நொதி அந்த விநியோகத்தை நடத்துகிறது. பி12 இல்லாமல் அந்த நொதிக்கு வேலை ஓடாது. உறை வீங்கி, பிரிந்து, சிதைகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் சாப்பிட்டால், பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாகிவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நரம்பு மட்டும் உள்ளே சத்தமில்லாமல் அரிபட்டுக்கொண்டிருக்கும்.

கல்லீரல் முதலான இடங்களில் 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12 சேமிப்பு இருக்கிறது. ஒரு நாள் தேவையோ ஏறக்குறைய 2.4 மைக்ரோகிராம். அதனால் வரவு நின்றாலும் பற்றாக்குறை தெரியச் சில வருடங்கள் ஆகும். செடிகொடிகள் பி12-ஐத் தயாரிப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்துதான் முக்கியமாகக் கிடைக்கிறது. நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு பி12-ஐக் குடல் உறிஞ்சுவது குறையலாம்.

சரி, பி12 ஊசி போட்டாயிற்று. ரத்தம் ஒரு வாரத்திலேயே பதில் சொல்லத் தொடங்கும், புதுச் சிவப்பணுக்கள் பெருகும். அதே வேகத்தை நரம்பிடமும் எதிர்பார்க்கும்போதுதான் ‘நாலு ஊசி போட்டும் மதமதப்பு போகலையே’ என்ற புலம்பல் வருகிறது. உறை மட்டும் கெட்டிருந்தால் அதை மறுபடி சுற்ற வாரங்கள், மாதங்கள் ஆகும். இழையே அறுந்திருந்தால் அது வளர்ந்து வர வேண்டும். கைகால் நரம்புகளில் அந்த வளர்ச்சி சுமாராக நாளுக்கு 1 மில்லிமீட்டர். பாதத்துக்கு வரும் உணர்வு நரம்பின் தாய்ச்செல் இடுப்பருகே இருக்கிறது. அங்கிருந்து பாதம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழு நீளமும் வளர வேண்டுமென்றால் ஆயிரம் நாள்! தண்டுவடத்துக்குள் அறுந்த இழையோ ஏறக்குறைய வளர்வதே இல்லை. அதனால்தான் எத்தனை ஊசி என்பதைவிட, தொந்தரவு தொடங்கி எத்தனை மாதம் கழித்து முதல் ஊசி என்பது முக்கியமாகிறது.

குறைவே இல்லாதவருக்கு? சர்க்கரையால் கெட்ட நரம்பையோ, மணிக்கட்டில் நசுங்கிய நரம்பையோ கூடுதல் பி12 சரிசெய்துவிடாது. ஆனால் பேருந்து நிலையச் சுவரெல்லாம் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது, அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை.

பல பி வைட்டமின்களைக் கலந்த அந்த மாத்திரைகளில் பி6 அளவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுவோருக்கு அதனால்தான் கூடவே பி6 தருகிறார்கள். அளவு மிஞ்சினால் அதே பி6 உணர்வு நரம்பின் தாய்ச்செல்லையே தாக்கும். தினமும் 2 கிராமும் அதற்கு மேலும் சாப்பிட்ட ஏழு பேர் நடை தடுமாறிப்போனதை 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று மேல்வரம்பு வைத்தது. அட்டையின் பின்னால் ‘பைரிடாக்சின்’ என்று இருப்பது இந்த பி6-தான்.

இன்னொன்று: ரத்தப் பரிசோதனையை ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு எடுத்தால் அளவு உயர்ந்தே காட்டும். உண்மையில் குறைவு இருந்ததா என்பதை அந்தத் தாளிலிருந்து சொல்ல முடியாது.