ஸ்டேபிள்காயினுக்கு மாறுகிறவர்களிடம் ஓர் ஆடிட்டர் கேட்கும் கேள்விகள்

ரிட்டர்ன் தாக்கல் செய்ய வருகிறவர்களில், கிரிப்டோ டிரேடிங்கில் கையைச் சுட்டுக்கொண்ட இளைஞர்களும் இருக்கிறார்கள். "சார், பிட்காயின் எல்லாம் விட்டாச்சு. யுஎஸ்டிடியா மாத்தி டீஃபைல போட்டிருக்கேன். வட்டி வருது, ரிஸ்க் இல்ல" என்கிறார்கள். யுஎஸ்டிடி என்பது எப்போதும் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி அமைத்த ஸ்டேபிள்காயின். டீஃபை என்பது வங்கி இல்லாமல், கணினி நிரல் வழியாகவே கிரிப்டோவில் கடன் கொடுக்கல் வாங்கல் போன்றவை நடக்கும் ஏற்பாடு. சூதாட்ட மனநிலையை விட்டு வந்தது நல்ல விஷயம். ஆனால் ரிஸ்க் இல்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை.

வட்டியை யார் தருகிறார்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. ஆவே போன்ற டீஃபை தளத்தில் நடப்பது ஏறக்குறைய நகைக்கடன்தான். கடன் வாங்குகிறவர் கடனைவிட அதிக மதிப்புள்ள கிரிப்டோவை ஈடு வைக்கிறார். அவர் கட்டும் வட்டியில் பெரும்பகுதி, பணம் போட்டவருக்கு வருகிறது. ஈட்டின் மதிப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அதை விற்றுக் கடனை அடைக்க ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது அந்தத் தளத்தை இயக்கும் நிரல், வழிவிடுகிறது. சரி, இது புரிகிறது. ஆங்கர் என்ற டீஃபை தளம் டெரா யுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயினுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 சதவீதம் கொடுத்ததே, அது? கடன் வாங்கியவர்களிடமிருந்து வந்தது அதற்குப் போதவில்லை; குறைந்ததைத் தனி நிதியிலிருந்து கொட்டி நிரப்பினார்கள். டெரா யுஎஸ்டியின் விலையைத் தாங்கி நின்றதும் பெரும்பாலும் லூனா என்ற இன்னொரு காயின்தான். 2022 மே மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டும் சரிந்தன.

டாலர் கையிருப்பு உள்ள காயினும் ஆடும். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினின் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே சிக்கியது. விலை 90 சென்ட்டுக்கும் கீழே போனது. டெபாசிட்தாரர்களுக்கு முழுப் பணமும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்த பிறகுதான் நிமிர்ந்தது. நம் வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. டீஃபையில் போட்டதற்கு அப்படி எதுவும் கிடையாது.

அப்புறம் வரி. பணம் ரூபாயாக வங்கிக்கு வந்தால்தான் வரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பிட்காயினைக் கொடுத்து யுஎஸ்டிடி வாங்கினாலே அது விற்பனைதான். லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதனால் எக்ஸ்சேஞ்ச், வாலட் இரண்டின் பரிவர்த்தனைப் பட்டியலையும் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கிறது என்று டெலிகிராமில் முகம் தெரியாத ஆளுக்கு யுஎஸ்டிடி விற்கிறார்கள். கணக்கில் விழும் பணம், எங்கோ சைபர் மோசடியில் ஒருவர் இழந்ததாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தைப் பிடித்து வரும் போலீஸ் உங்கள் கணக்கை முடக்கச் சொல்லும். சம்பளக் கணக்காக இருந்தால் வீட்டு வாடகைகூடக் கட்ட முடியாது. விற்பதாக இருந்தால் எஃப்ஐயூ-இந்தியாவில் (மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்ச் வழியாக, அந்த எக்ஸ்சேஞ்சுக்கே விற்றுப் பணத்தை எடுங்கள். வாங்குகிறவர் ஒருவர், பணம் அனுப்புகிறவர் வேறொருவர் என்றால் அந்தப் பரிவர்த்தனையே வேண்டாம்.