லொகேஷனை அணைத்தால் மட்டும் போதாது

ஆண்ட்ராய்டு போன் திரையின் மேற்புறத்தை இழுத்து லொகேஷனை அணைத்துவிட்டால், நாம் எங்கே போகிறோம் வருகிறோம் என்பது யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். இருப்பிடத் தகவல் ஒரே வழியில் போவதில்லை. போனில் உள்ள சுவிட்ச் வேறு, ஒவ்வொரு ஆப்புக்கும் தந்த அனுமதி வேறு, கூகுள் கணக்கில் சேரும் பதிவு வேறு. ஒன்றை மூடினால் மற்றவை தானாக மூடிக்கொள்ளாது.

இதற்குச் சரியான சாட்சி கூகுள் மீது அமெரிக்காவில் நடந்த விசாரணை. போய் வந்த இடங்களைக் கணக்கில் சேமித்த 'லொகேஷன் ஹிஸ்டரி'யை நிறுத்திய பிறகும் கூகுள் இருப்பிடத்தைப் பதிந்துகொண்டிருந்ததை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. தேடியதையும் ஆப்களில் செய்ததையும் பதியும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்ற இன்னொரு அமைப்பு, கணக்குத் தொடங்கும்போதே இயங்கும் நிலையில் இருந்ததுதான் காரணம். மேப்ஸைத் திறந்தாலோ, இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத எதையாவது தேடினாலோகூட அதில் இடம் பதிவானது. 2022 நவம்பரில் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தந்து கூகுள் சமரசம் செய்துகொண்டது. ஆனால் உங்கள் கணக்கில் அந்தப் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

செட்டிங்ஸில் கூகுள், அதில் மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட், பிறகு டேட்டா அண்ட் பிரைவசி. அங்கே 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' இருக்கும். (மெனு பெயர்கள் போனுக்குப் போன் சற்று மாறும்.) வெறும் 'டர்ன் ஆஃப்' கொடுத்தால் இனிமேல் சேர்வதுதான் நிற்கும், பழையது அப்படியே கிடக்கும். இதைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம். நிறுத்துவதோடு அழிக்கவும் செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். தேடிய வரலாறு தேவைப்படுபவர்கள் ஆட்டோ டெலீட்டை 3 மாதத்துக்கு வைக்கலாம். 18 மாதம், 36 மாதம் என்ற தெரிவுகளும் உண்டு. அவ்வளவு நாள் சேர்த்து வைக்க எந்தத் தேவையும் இல்லை.

அடுத்தது போன். வைஃபையை அணைத்தாலும் அக்கம்பக்கத்து ரவுட்டர்களைப் போன் தேடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் பெரிய நிறுவனங்களிடம் இருப்பதால், ஜிபிஎஸ் எட்டாத கட்டடத்துக்குள்ளும் இடம் தெரிந்துவிடும். லொகேஷன் செட்டிங்ஸில் லொகேஷன் சர்வீசஸுக்குள் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் அணையுங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஐபி முகவரியை (உங்கள் இணைய இணைப்புக்கான எண்) வைத்து ஊர் எது என்று ஓரளவு ஊகிக்க முடியும். தெரு வரைக்கும் அது போகாது.

ஆப் அனுமதிகளில் 'அலவுட் ஆல் த டைம்' (எந்நேரமும் அனுமதி) பட்டியலை முதலில் பாருங்கள். டார்ச், காலண்டர், விளையாட்டு ஆப்களுக்கு அங்கே இடமே இல்லை. வானிலை ஆப்புக்கு 'பிரிசைஸ் லொகேஷன்' வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல் அதை அணைத்தால் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் அளவுக்கே இடம் தெரியும், மழை வருமா என்று சொல்ல அது தாராளம். டாக்ஸி ஆப்பில் அப்படிச் செய்தால் வண்டி பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். அதற்குத் துல்லியமான இடத்தையே தாருங்கள், பயன்படுத்தும்போது மட்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், ஆப்புக்குத் தரும் அனுமதி அதற்குள் பொதிந்திருக்கும் வேற்று நிறுவன நிரல்களுக்கும் சேர்ந்தே போகிறது. எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்தின் நிரல் தொழுகை நேரம் சொல்லும் ஆப்பிலும் இருந்தது. அப்படித் திரட்டிய இருப்பிடத் தகவல்தான் விற்பனைக்குப் போனது. 2020 டிசம்பரில் ஆப்பிளும் கூகுளும் அந்த நிரலை நீக்கச் சொல்லி உத்தரவிட்டன. தொழுகை நேரம் பார்த்தவர் யாரும் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். இப்படிப் பல ஆப்களில் சேரும் தகவல்களை ஒரே ஆளுடையவை என்று கோப்பது விளம்பர ஐடி. கூகுள் செட்டிங்ஸில் ஆட்ஸ் பகுதிக்குப் போய் 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' கொடுங்கள். அதன் பிறகு அந்த ஐடியைக் கேட்கும் ஆப்புக்கு வெறும் பூஜ்யங்கள்தான் போகும்.

கான்டாக்ட்ஸ் அனுமதி இன்னும் ஆபத்தானது, அதில் இருப்பவை மற்றவர்களின் எண்கள். கடன் ஆப்கள் கான்டாக்ட்ஸையோ கோப்புகளையோ தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. 2023 மே 31 முதல் பிளே ஸ்டோரும் தடுத்தது. லிங்கில் வரும் ஏபிகே கோப்புகள் (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நேரடியாக நிறுவும் ஆப்கள்) பிளே ஸ்டோரின் இந்தத் தடைக்குள் வருவதில்லை. அனுமதியை ஒரு நிமிடம் கொடுத்துப் பறித்தாலும், அதற்குள் நகலெடுத்த பட்டியல் திரும்பி வராது.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அவர்கள் சர்வரில் உள்ள கணக்கு அழியாது. முதலில் ஆப்புக்குள்ளேயே 'டெலீட் அக்கவுன்ட்' கொடுத்து, உறுதிசெய்யும் மின்னஞ்சல் வந்தால் சேமித்துவிட்டு, பிறகு நீக்குங்கள். ஏற்கெனவே நீக்கிவிட்டீர்கள் என்றால் பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் 'டேட்டா சேஃப்டி' பகுதியைத் திறந்து பாருங்கள். ஆப் இல்லாமலே கணக்கை அழிக்கக் கோரும் இணைப்பு அங்கே இருக்கும்.